வாயு மூலை டேங்க்

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட நிறைந்ததில்லை. லாரி வைத்து உறிஞ்சி எடுத்ததே கிடையாது. கோபாலபுரம் செக்போஸ்ட்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பொங்கியண்ணன் ஊட்டு டேங்க் ராசியான டேங்க் என்று. போன தடவை நீங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வந்தபோது நானே அதைப் பீற்றிக்கொண்டேன். நீங்கள் சிரிக்கவில்லை, வனிதா அம்மிணி. "அப்ப அதெல்லாம் எங்கீங்க போகுது?" என்று மட்டும் கேட்டீர்கள்.

இன்று மறுபடி பாட்டில்களோடு வந்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். உட்காருங்கள், சொல்கிறேன்.

டேங்குக்கு அடியில் கான்கிரீட் வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொன்னது நான். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டுகிறோம். மண் குடித்துக்கொள்ளும், வேலை மிச்சம் என்று நினைப்பு.

இடம் குறித்ததும் நான்தான். தென்னந்தோப்பு வேலை போக, மனை பார்த்துச் சொல்வது எனக்கு வழக்கம். இந்த வீதியில் என்னைக் கூப்பிடாமல் யாரும் கடைக்கால் தோண்டியதில்லை. ஈசானிய மூலையான வடகிழக்கில் கிணறு, வாயு மூலையான வடமேற்கில் டேங்க். சாஸ்திரப்படி ஒரு குறை சொல்ல முடியாது. என்ன, வீடுகள் கிழக்கு மேற்காக ஒட்டி ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டின் வாயு மூலை, மேற்கே உள்ள வீட்டின் ஈசானியத்தில் போய் இடிக்கிறது. நிலமும் மேற்கே சரிவு. என் டேங்குக்கும் என் தம்பி மகன் ஈஸ்வரனின் கிணற்றுக்கும் நடுவே ஒரு மதில்தான் இருக்கிறது. நீங்கள் டேப் பிடித்து அளந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். மனை பார்க்கிறவன் கண்ணுக்கு அது தெரியாமல் இருக்குமா?

அன்றைக்கு ஈஸ்வரன் வீடு பூட்டியிருந்தது. அவன் லாரி ஓட்டுகிறவன், ஊரில் தங்குவதே குறைவு. அவன் மனைவி யோகப்பிரியா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். சாவி என்னிடம் இருந்தது. கேட்டைத் திறந்துவிட்டு, முடிவு வந்தால் எனக்கே சொல்லுங்கள் என்று என் நம்பரைக் கொடுத்தேன். நீங்களும் கூப்பிட்டுச் சொன்னீர்கள்.

"அந்தக் கெணத்துல நைட்ரேட் ரொம்ப ஜாஸ்திங்க ஐயா. பெரியவங்களுக்கு ஒடனே ஒண்ணும் தெரியாது. கைக்கொழந்தைக்கு மட்டும் ஒரு சொட்டுக்கூடக் குடுக்கக் கூடாது. ஒடம்பு நீலம் பாரிச்சுரும். காச்சுனாலும் போகாதுங்க, சுண்டச் சுண்ட இன்னும் ஏறத்தான் செய்யும். மறக்காமச் சொல்லிருங்க."

நான் மறக்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் இன்றும் சொல்வேன்.

யோகப்பிரியா குழந்தையோடு வந்து இறங்கிய அன்றே அவள் வாசலுக்குப் போனேன். பெண் குழந்தை. தாய்ப்பால் போதவில்லை என்று பவுடர் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லத்தான் போனேன். சொன்னால் டேங்கை இடிக்க வேண்டும், அது பெரிய காரியமில்லை. அந்த இடத்தை யார் குறித்துக் கொடுத்தது என்று வீதி முழுக்கக் கேட்கும். ஒவ்வொருவரும் தங்கள் மதிலை எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் எந்த விசேஷத்தில் எனக்கு முதல் நாற்காலி போடுவார்கள்? அதனால் பாதி சொன்னேன்.

"தண்ணி கொஞ்சம் சுமாரா இருக்குதாமா கண்ணு. கொழந்தைக்கு நல்லாக் காச்சிக் குடு."

"செரீங்க பெரிய மாமா" என்றாள்.

சொன்ன பேச்சைத் தட்டாத பெண். மறுநாள் போனபோது அடுப்பில் குண்டா கொதித்துக்கொண்டிருந்தது. "பாதியாச் சுண்டற வரைக்கும் காச்சறனுங்க. நீங்க சொல்லீட்டீங்கன்னா செரியாத்தான இருக்கும்?" என்றாள். நான் அந்தக் குண்டாவைப் பார்த்தேன். நல்லது கண்ணு என்றேன்.

அதற்குப் பிறகும் வாய் திறக்க நாட்கள் கிடைத்தன. குழந்தையின் உதடு கறுத்த மாதிரி இருக்கிறது என்று என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். நகமும் நீலமாக இருந்தது. மார்கழிப் பனிக்கு அப்படித்தான் இருக்கும், போர்த்தி வை என்றேன். அவள் போர்த்தி வைத்தாள். குழந்தை அழவும் தெம்பில்லாமல் துவண்ட பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நெஞ்சில் கோளாறு என்று தேடினார்கள். எந்தத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, காய்ச்சின தண்ணீர்தான் என்று யோகப்பிரியா உறுதியாகச் சொன்னாளாம். அன்று சாயந்தரம் குழந்தை இறந்துவிட்டது. குழிக்குள் இறக்கிய கை இதுதான், தாத்தா முறை என்று என்னிடம் கொடுத்தார்கள்.

எனக்கு அவமானமாக இருக்கிறது அம்மிணி. வீட்டில் ஃப்ளஷ் சத்தம் கேட்டால் சோறு இறங்குவதில்லை. இதை நீங்கள் போலீசில் சொல்லலாம், எழுதிக் கேட்டால் கையெழுத்தும் போடுகிறேன். ஆனாலும் தெரிந்தே செய்ததாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். காய்ச்சினால் கொஞ்சமாவது சரியாகும் என்று மனதின் ஒரு மூலையில் நானும் நம்பித்தான் இருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் துக்கம் விசாரிக்க அங்கே போனேன். தோப்பிலிருந்து உச்சி வெயிலில் நடந்து வந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யோகப்பிரியா அழுத முகத்தோடு ஒரு சொம்பு நீட்டினாள். "காச்சுன தண்ணிதானுங்க மாமா, குடிங்க" என்றாள்.

தாகமில்லை கண்ணு என்று வாங்கிக் கீழே வைத்தேன்.