கயிறில்லாத விளக்குகள்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது தலையை இடித்துக்கொள்வார்கள், ஐயா. கனாசாவா நகரத்துப் பழைய மரவீடுகளில் கூரைத்தட்டு அவ்வளவு தாழ்வு. நடு அறையில் தொங்கிய விளக்கு இன்னும் தாழ்வு. அதனடியில்தான் அண்ணன் தோகிச்சி படுத்திருந்தான். பக்கவாதம் வந்தபின் வலது கை மட்டும்தான் அசையும். படுத்தபடியே அணைக்கவும் போடவும், விளக்கின் இழுகயிற்றோடு இன்னொரு கயிற்றை நானே முடிந்துகொடுத்தேன். படுக்கையில் கிடப்பவர் உள்ள வீடுகளில் அது வழக்கம்தான்.

அவன் அதை என்னைக் கூப்பிட வைத்துக்கொண்டான். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் நான் ஓட வேண்டும்.

"கால் இருக்கிறவளுக்கே இவ்வளவு நேரமா, மிசாவோ?" என்பான். நானும் சிரிப்பேன்.

எலக்ட்ரீஷியன் முராகியை அழைத்து, தலையில் இடிக்கிறது என்று சொன்னேன். அவர் கூரைப்பலகையில் வட்டமாக ஓட்டைகள் வெட்டி விளக்குகளை உள்ளே பதித்தார். சுவிட்ச் கதவோரத் தூணில்.

"அக்கா, அண்ணன் கைக்கு ஒரு சுவிட்ச் இழுத்துத் தரட்டுமா?"

"வேண்டாம். ஒயர்ல சிக்கிக்குவாரு."

"அப்ப என் கயிறு?" என்றான் அண்ணன். நான் பழைய கயிற்றைச் சுருட்டி எடுத்து வைத்தேன்.

"இந்த பல்பு சூடு கக்கும்க்கா. மேல துணி, பஞ்சு எதுவும் படக்கூடாது" என்று சொல்லிவிட்டு முராகி போனார்.

பனி தொடங்கியதும் விளக்கைச் சுற்றியிருந்த இடுக்கு வழியாகக் குளிர் இறங்கியது. "மூஞ்சில அடிக்குதுடி. எதையாவது வச்சு அடை" என்றான். அவன் கேட்டதைத்தான் செய்தேன். அலமாரிக்குள் ஏறி, அதன் தலைக்கு மேலிருந்த கூரைப்பலகையைத் தள்ளி மேலே போய், கிழிந்த மெத்தையைப் பிரித்து, பஞ்சை விளக்குகள்மேல் பரப்பினேன். முராகி சொன்னதை மறந்துவிட்டேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள். மறக்கவில்லை.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் இல்லை. நான் கெட்டவளில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அதன் பிறகும் பஞ்சை எடுக்கவில்லை.

அன்று மாலை பொதுக் குளியலறைக்குக் கிளம்பினேன். "விளக்க அணைச்சிட்டுப் போ, கண்ணு கூசுது" என்றான். "இருட்டினா உனக்கு வேணும்ல?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

திரும்பும்போது கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தெருப் பையன்கள் நாலைந்து பேர் வாளியோடு வாசலில் நின்றார்கள். பக்கத்து வீட்டு நோதோ அம்மா என் தோளை உலுக்கினார்.

"உங்க அண்ணன் உள்ளயா இருக்காரு?"

"ஆஸ்பத்திரில சேர்த்தாச்சு" என்றேன்.

இருக்கிறான் என்றால் அவர்கள் உள்ளே பாய்ந்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது, ஐயா.