சவுக்காரம் பூசாத கயிறு

ஓடுகிறோம். பின்னால் எங்கள் மீன்வாடி எரிகிறது. படபடவென்று ஓலை வெடிக்கும் சத்தம். பிறகு இரண்டு வேட்டு. ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரம், வைகாசி. முல்லைத்தீவுக்குத் தெற்கே, கடலோரக் களப்பு ஏரியின் கரை.

"தண்ணிக்குள்ள இறங்கு! தலையைத் தூக்காதை!"

கத்தியது என் மனிசன் சவிரி. அவர் இறங்கவில்லை. சூடுபட்டு விழுந்த தன் தமையனைத் தூக்கத் திரும்பி ஓடினார். நான் கண்டல் வேர்களுக்குள் சேற்றில் கிடந்தேன். விடிந்தபோது தமையனின் உடல் கரையில் இருந்தது. சவிரியைக் காணவில்லை.

ஊருக்கு வந்தோம். வேதக்கோயில் மூப்பர் வந்து கதிரையில் இருந்தார். தேத்தண்ணீரை உறிஞ்சிக் குடித்தார்.

"அழாதை பிள்ளை. ஆண்டவர் உயிர்த்த அண்டைக்கும் பெண்டுகள் போய்ப் பாக்கேக்கை கல்லறை வெறுமையாத்தான் கிடந்தது."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

மூன்றாம் நாள் களப்பு சவிரியைக் கரையில் ஒதுக்கியது. முகத்தை நண்டு தின்றிருந்தது. உள்ளங்கைத் தழும்பைப் பார்த்துத்தான் அவரென்று அறிந்தேன். அது கோயில் கயிறு அறுத்த தழும்பு. வருடா வருடம் உயிர்ப்புத் திருநாளில் கல்லறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஆண்டவரின் சுரூபத்தைக் கப்பியில் ஏற்றுவது அவர்தான். கயிறு வழுக்கி ஓடச் சவுக்காரம் பூசுவது நான்.

நாலு நாள் கல்லறையில் கிடந்த லாசர் நாறுவான் என்று அவன் சகோதரி சொன்னாள். வேதத்தில் அந்த வரியை நான் சந்தேகித்ததே இல்லை. மூப்பர் மூக்கைப் பொத்திக்கொண்டு தூர நின்றார்.

அடுத்த உயிர்ப்புத் திருநாள் வந்தது. பூசை நடக்கிறது. சீனவெடி கொளுத்துகிறார்கள். முதல் வெடிக்கே வாடியிலிருந்து தப்பி வந்தவர்கள் அத்தனைபேரும் தரையில் விழுந்து படுத்தோம். திரை விலகியது. சுரூபம் பாதியில் இறுகி நின்றது. இடுப்புவரை ஆண்டவர் கல்லறைக்குள். கயிற்றுக்குச் சவுக்காரம் பூச ஒருவருக்கும் நினைவு வரவில்லை. என்னிடம் கேட்கவுமில்லை. மூப்பர் அல்லேலூயாவைத் தொடங்கச் சொன்னார். சனங்களும் பாடினார்கள். சீ என்றிருந்தது எனக்கு.

எழுந்து போனேன். சவிரியின் இடத்துக்கு வந்த புது ஆளிடமிருந்து கயிற்றைப் பறித்தேன். பெண்பிள்ளை தொடக்கூடாது என்று மூப்பர் முணுமுணுத்தார். உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தேன். ஆண்டவர் ஏறினார். சனம் அழுதது. என் உள்ளங்கை கிழிந்து கயிறு நனைந்தது.

போனவை: ஒரு வாடி. ஒரு வள்ளம். வலைகள் எல்லாம். மனிசனின் தமையன். மனிசன். விசுவாசமும் போய்விட்டதா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஆண்டவரை நான் தூக்கி நிறுத்தினேன். என் மனிசனைத் தூக்கி நிறுத்த அவர் வரவில்லை.