சுண்ணாம்பு இல்லாத அன்னைக்கு

இல்ல தங்கச்சி, உள்ளுக்கு வரல. வாசல்லயே நின்னுக்கிறேன். கரவனெல்ல ஆஸ்பத்திரியில மருந்து எடுத்துட்டு, யட்டியாந்தோட்டை பஜார்ல ஒங்க வீட்டக் கேட்டுக் கேட்டு வந்தேன். ஆமா, பழனியாண்டிதான். ஒங்க வீட்டுக்காரரு ஹஸன் நானா என்னப் பத்திக் கடுதாசியில எழுதியிருப்பாரு. வெளிநாட்டுல மூணு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோம்.

என்ன வேலைன்னா... தங்கச் சுரங்கம்னுதான் பேரு. தங்கத்த ஒரு நாளும் கண்ணால கண்டதில்ல. கல்ல மாவா அரைச்சு, தண்ணியோட பெரிய டாங்கியில விடுவாங்க. அதுல சயனைட் கலந்தாத்தான் தங்கம் கரைஞ்சு வரும். ஆமா, அந்த விஷமேதான். அத அடக்கி வைக்கிறது சுண்ணாம்பு. வெத்தலைக்குத் தடவுறோமே, அந்தச் சாமான்தான், தூளா, மூட்டை மூட்டையா. அது கொறைஞ்சா விஷம் காத்தாக் கெளம்பிரும். நான் ஸ்டோர்லருந்து மூட்டை தூக்கிக் குடுப்பேன், ஹஸன் நானா டாங்கியில போடுவாரு.

மறதியா? அவருக்கா? நான் மாத்திரை போட்டேனான்னு தெனமும் கேக்குற மனுசன் தங்கச்சி அவரு.

அன்னைக்கு ஸ்டோர்ல சுண்ணாம்பே இல்ல. ரெண்டு நாளா லொறி வரல. மெஷின நிப்பாட்டுங்க சேர்னு சுப்பவைசர்கிட்ட நானா கெஞ்சினாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஓட்டுன்னுட்டான் அவன். காலையில பத்து மணி இருக்கும். டாங்கிக்கு மேல ரெண்டு பேரு வேலை செஞ்சாங்க. எறங்குங்க, எறங்குங்கன்னு கத்திக்கிட்டே நானா ஏறினாரு. விஷம் வார குழாய மூடினாரு. அவங்க ரெண்டு பேரும் எறங்கிட்டாங்க. இவரு எறங்கல. நான் முகமூடியத் தேடி மாட்டிக்கிட்டு ஏறுறதுக்குள்ள...

அழுங்க தங்கச்சி. நான் நிக்கிறேன்.

சொந்தக்காரங்க சொல்றதும் தெரியும். சுண்ணாம்பு போட மறந்து தானும் மவுத்தாகி, கம்பெனிக்கும் நட்டம் வச்சான்னு. பஜார்லயே சொன்னாங்க. கம்பெனி அனுப்பின காயிதம் அப்பிடித்தானே சொல்லுது.

அத எடுத்துப் பாருங்க. அரபி எழுத்துக்கெல்லாம் கீழ, சாட்சின்னு தமிழ்ல ஒரு கையெழுத்து இருக்கும். என்னோடதுதான். அந்த சுப்பவைசர் என் பாஸ்போட்ட மேசையில போட்டு, கையெழுத்து வச்சா நாளைக்கே ஊருக்குப் போகலாம்னான். என்ன எழுதியிருக்குன்னு நம்ம நாட்டு சிங்களப் பொடியன் ஒருத்தன் வாசிச்சும் சொன்னான். தெரிஞ்சுதான் தங்கச்சி வச்சேன்.