பெருவிரலுக்குக் கீழே

யாருக்கும் இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை, சார். செருப்புக் கடையில் இதைச் சொல்லமாட்டார்கள். நான் இருபத்தாறு வருடமாகப் பாதங்களை அளக்கிறவன். நுரை நிரப்பிய பெட்டியில் காலை அழுத்தச் சொல்வேன். பதிந்த குழியில் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, அதன்மேல் தக்கைத் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்துத் தேய்த்தால் ஒரு ஜோடி இன்சோல். ஷூவுக்குள் வைத்துக்கொண்டால் நடை திருந்தும், வலி போகும். நல்லபடியாகச் செய்துவிட்டால் அந்த ஆள் அப்புறம் என் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். இந்தத் தொழிலின் லட்சணம் அது.

நான் அக்கா என்று கூப்பிடுகிறவர் முதலில் வந்தது குதிகால் வலியோடு. பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகள் வெளியூரில். சர்க்கரை வேறு. நைலான் நூலின் முனையால் உள்ளங்காலைத் தொட்டுச் சோதித்தேன். இடது பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் அவருக்கு உணர்ச்சியே இல்லை.

“தொட்டுட்டீங்களா தம்பி? நான் இன்னும் காத்துட்டிருக்கேன்,” என்று சிரித்தார்.

என்னை யாரும் இப்படி வாய்நிறையத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. நான் ஒற்றைப் பிள்ளை. என் வீட்டில் மனிதக் குரல் கேட்கவேண்டுமென்றால் நானேதான் இருமவேண்டும்.

முதல் ஜோடியை ஒழுங்காகத்தான் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து வந்தவர் வாசலில் நின்றபடியே பேசினார்.

“வலி போன இடம் தெரியல தம்பி. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன்.”

தொந்தரவு என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

“உட்காருங்கக்கா. ஒரு தடவை சரிபார்த்துடலாம்,” என்றேன்.

இடது இன்சோலை உள்ளே கொண்டுபோய், மேல்துணியைப் பிரித்து, அந்த மேட்டுக்கு நேர் கீழே ஒரு தக்கைத் துண்டை ஒட்டி மூடினேன். பாதிப் பட்டாணி அளவு இருக்கும். உணர்ச்சி இருக்கும் இடத்தில் வைத்திருந்தால் வலித்திருக்கும். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லிப் பார்த்தபோது அந்த இடம் சிவந்திருந்தது. “இது உங்களுக்குத் தெரியாதுக்கா, நான்தான் பார்த்துச் சொல்லணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்துடுங்க,” என்றேன். வந்தார். சிவப்பு கூடினால் துண்டைச் சீவுவேன். தணிந்தால் மறுபடி ஒட்டுவேன். இப்படி ஏழு மாதம். நான் காலைத் துடைத்துப் பார்க்கும்போது அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். மகள் போனில் எப்போதும் அவசரப்படுவது, மேல்வீட்டுக் குழாய் ஒழுகுவது, இப்படி. ஒருநாள் என் சட்டையில் பொத்தான் இல்லாததைக் கவனித்துவிட்டு, கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, போட்டிருந்த சட்டையிலேயே தைத்துவிட்டார். நான் மூச்சுவிடாமல் நின்றேன். அது எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பினார்.

“ஆறு வாரம் தம்பி. அங்கேயே இருந்துடும்மான்னு அவ சொல்றா. பார்க்கலாம்.”

துண்டை எடுத்துவிட ஒரு நிமிஷம் போதும். கத்தியைக்கூடக் கையில் எடுத்தேன். ஆனால் கால் நன்றாக இருந்தால் அவர் எதற்குத் திரும்பி வரப்போகிறார்? முழுப் பட்டாணி அளவுக்கு ஒட்டினேன். “இது இல்லாம ஒரு அடி எடுத்து வைக்காதீங்க, வீட்டுக்குள்ளயும்தான்,” என்று சொல்லி அனுப்பினேன்.

“ஏதாவது ஆச்சுன்னா அங்க யார்கிட்டயாவது காட்டட்டுமா?”

“வேண்டாங்கக்கா. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக் குழப்புவாங்க. என்கிட்டயே வாங்க.”

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். ஐந்தாவது வாரம் காய்ச்சல் வந்தபோது புண் எலும்புவரை போயிருந்ததாம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அந்த ஊர் மருத்துவமனையில் என் வேலையைச் செய்கிற பெண் ஒருத்தி இன்சோலின் துணியைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஒட்டி, சீவி, திரும்ப ஒட்டிய பசை அடுக்கடுக்காக இருந்திருக்கிறது. கெட்டிக்காரி. மகள் போனில் என்னைத் திட்டித் தீர்த்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“தம்பி அப்படிச் செய்யமாட்டார்டி. போனை வை.”

செய்தேன், சார். தெரிந்துதான் செய்தேன். காலே போகும் என்பதும் தெரியாத விஷயமில்லை. இந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம். கையெழுத்து எங்கே போடவேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு விஷயம். இனி அவருடைய முழுப் பாரமும் வலது கால்மேல்தான் விழும். அதை அடிக்கடி ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தக் காலை என்னைவிட அறிந்தவர் யாருமில்லை. நீங்கள் என்னை அழைத்துவந்ததிலிருந்து அக்கா என்னிடம் பேசவில்லை, கூச்சமாக இருக்கும். எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை என்று சொல்லுங்கள். தாராளமாக வரட்டும்.