இரண்டு வால்வும் திறந்திருக்கும் நேரம்

இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது ஐயா, இந்த மர நாற்காலியில் அதிக நேரம் தாங்காது. வண்டிக்கடியில் படுத்தே காய்த்துப்போன உடம்பு. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மச்சானின் காரில் பிரேக்கை நான் தொடவில்லை. உங்கள் ஆட்களும் கழற்றிப் பார்த்துவிட்டார்கள். கட்டை புதுசு, ஆயில் குறையவில்லை, குழாயில் கசிவில்லை. நான் கைவைத்தது எஞ்சினில் மட்டும். அதுவும் அவர் கேட்டதால்.

அவர் என் தங்கையைக் கட்டியவர். கல்யாணத்திலிருந்தே இருவரும் என்னோடு பட்டறை மாடியில்தான் இருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்துவிட்டது என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். தங்கை தலை நிமிராமல் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"மேட்டுல வண்டி மூச்சு வாங்குது மச்சான். இழுவையைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்களேன்" என்றார்.

"கூட்டிட்டாப் போச்சு."

எஞ்சினில் ஒரு வால்வு காற்றை உள்ளே விடும், இன்னொன்று புகையை வெளியே தள்ளும். ஒன்று மூடி முடிவதற்குள் மற்றது திறந்துவிடும். கொஞ்ச நேரம் இரண்டுமே திறந்திருக்கும். அந்த நேரத்தை நீட்டினால், வேகத்தில் போகும்போது வெளியேறும் புகையே புதுக் காற்றை இழுத்துக்கொடுக்கும், வண்டி பறக்கும். ஆனால் மெதுவாக ஓடும்போது புகை உள்ளே திரும்பும், எஞ்சின் உறிஞ்சும் பலம் செத்துப்போகும். வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட்; பந்தய வண்டியிலிருந்து கழற்றியது ஒன்று கிடந்தது. அதைப் போட்டேன்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார். "சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது. நிக்கும்போதுதான் கிழவன் மாதிரி இருமுது."

"இழுவை வேணும்னா இருமத்தான் செய்யும்" என்றேன்.

பிரேக் மிதியை லேசாக்குவதும் அந்த உறிஞ்சல்தான் ஐயா. அது போனால் இரண்டு மிதிக்குத் தாங்கும், அப்புறம் மிதி கருங்கல். பந்தயக்காரர்களிடம் இதைச் சொல்லாமல் நான் சாவி கொடுத்ததில்லை. மச்சானிடம் சொல்லவில்லை. அவர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற ஆள்; நியூட்ரலில் எஞ்சின் மெதுவாகத்தான் ஓடும். "பெட்ரோல் என்ன சும்மாவா வருது" என்பார். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். கியரில் இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. யோசித்துப் பார்த்தால், பாதித் தப்பு அவருடையது.

அவர் முதலில் தனியாகப் போவதாகத்தான் ஏற்பாடு. அவரே இல்லையென்றால் தங்கை எங்கே போகப்போகிறாள்? புது ஊர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, என்னை விட்டால் யார் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவள் நல்லதுக்குத்தான்.

காலையில் அவளும் பையோடு இறங்கி வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"நானும் இவர்கூடவே போறேண்ணே. புது வீட்டைப் பாக்காம இருப்புக் கொள்ளல."

தடுத்திருக்கலாம். தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தனியா எப்படிண்ணே இருப்பே என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று பார்த்தேன். அவள் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நானே கதவை நன்றாகச் சாத்திவிட்டேன்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மச்சானுக்கு நான் பாக்கி எதுவும் வைக்கவில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டேன். தங்கைக்கு மட்டும் ஒரு சொல் கடன் நிற்கிறது: "இறங்கிடும்மா."