கண்ணாயிரத்தின் டீசல் இஞ்சின் செய்யாத காரியம்

என் பெயர் அமலோற்பவம், வயது 49, கணவர் பெயர் ஆசீர்வாதம். வெள்ளிமலை மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், அதிலும் பாதி நாள் ஆட்டின் பின்னால்தான். விசேஷ வீடுகளில் சமையல் வேலை செய்கிறேன். சங்கராபுரத்தில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கண்ணாயிரம் என்பவர் மீது என் கூடப்பிறந்த அண்ணன் டென்னிஸ் புகார் கொடுத்து, அவரை இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

முந்தாநாள் என் அண்ணன் மகள் ஜெனிபருக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். அதற்கு முந்தின நாளே மழை பிடித்து மலையில் கரண்ட் போய்விட்டது. அண்ணன் போன் செய்ததன் பேரில் கண்ணாயிரம் தன் டீசல் ஜெனரேட்டரை மினி லாரியில் ஏற்றி வந்து வாசலில் நிறுத்தி ஓட்டினார். லைட் நன்றாக எரிந்தது, ஆனால் புகை கறுப்பாக வந்தது. காற்று திரும்பினபோது, கூடத்தில் விரித்திருந்த கல்யாணப் புடவையின் முந்தானையில் மிளகு தூவினது போலக் கரி விழுந்தது. எங்களில் மணப்பெண்ணுக்கு வெள்ளைப் புடவை என்பதால் பெண்கள் எல்லாரும் கத்தினார்கள். நான் அவரைப் பார்த்து, "இன்னா கண்ணாயிரண்ணே, உன் இஞ்சின் சுருட்டு புடிக்குதா?" என்றேன். அவர் இருமிக்கொண்டே, "மலையேறி வந்தவனுக்கு மொதல்ல ஒரு டீ குடு தங்கச்சி, அப்புறம் திட்டு" என்றார். அவர் எப்போதும் இருமுவார். அந்த இஞ்சின் பக்கத்திலேயே நின்று தலை நரைத்த ஆள்.

அதன் பிறகு அண்ணன் டீசல் இஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டார். என் மகன் பிரிட்டோ மைக்செட் வாடகைக்கு விடுகிறான், அவனிடம் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. "இதுல புகையே வராது மாமா" என்று சொல்லி அவன் அதைக் கொண்டு வந்தான். மழையில் நனையக் கூடாதென்று, ஜெனிபருக்கு ஒதுக்கின அறையை ஒட்டிய பின்தாழ்வாரத்தில் வைத்துச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டினோம். ஒரு முனையை நான் பிடித்தேன். அறைச் சுவரின் மேலே காற்றுக்கு விட்ட ஓட்டை அந்தத் தாழ்வாரத்துக்குள்தான் திறக்கிறது. கண்ணாயிரம் மட்டும், "பெட்ரோலு, வூட்டோட ஒட்டி வெக்காதீங்க, தீப் புடிச்சிக்கும்" என்றார். நான், "இஞ்சின நிறுத்தச் சொன்னதுல கண்ணாயிரண்ணனுக்கு வயித்தெரிச்சல், அதான் தீ தீன்றாரு" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். இருந்தாலும் தீக்குப் பயந்து ஒரு வாளி மணல் பக்கத்தில் வைத்தோம். புகை கண்ணுக்குத் தெரியவே இல்லை. மணலை வைத்ததோடு பயமும் போய்விட்டது.

மறுநாள் காலையிலும் அந்தப் பெட்ரோல் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அலங்காரம் நடக்கும்போது ஜெனிபர் தலை வலிக்கிறது என்றாள். திருப்பலிக்காக வெறும் வயிறாக இருந்ததால் பித்தம் என்று நினைத்து சோடா கொடுத்தோம். அதன் பிறகு வாந்தி எடுத்தாள். அந்த நேரம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இன்னாடி, தாலி ஏர்றதுக்கு முன்னாடியே வாந்தியா?" என்றேன். அத்தைக்காரி கேலி செய்வது எங்கள் பக்கம் வழக்கம்தான். மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அலங்காரம் செய்த பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி குமட்டுவது யார் காதிலும் விழக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கோபம் தணியட்டும் என்று நான் அடுப்படிக்குப் போனேன். போனேனே தவிர வேலை ஓடவில்லை. உப்புப் போட்டது தெரியாமல் மறுபடியும் போட்டேன். கரண்டியும் கையுமாகப் போய்ப் போய்க் கதவைத் தட்டினேன். தட்டும்போதெல்லாம் "ம்" என்றாள். கடைசியாகத் தட்டினபோது சத்தமே இல்லை.

அதன் பிறகு நான் போட்ட கூச்சலில் முதலில் ஓடி வந்தவர் கண்ணாயிரம். மழை விட்டதும் கீழே இறங்கலாம் என்று மினி லாரியிலேயே தங்கியிருந்தவர். தோளால் இடித்துக் கதவை உடைத்து, கீழே கிடந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு மழையில் வெளியே வந்தார். அவர் சட்டைக் கரியெல்லாம் அவள் புடவையில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த அண்ணன், முந்தின நாள் டீசல் புகைதான் பிள்ளையின் நெஞ்சில் தங்கி இப்படிச் செய்துவிட்டது என்று நினைத்துப் புகார் கொடுத்தார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா, இஞ்சின் எங்கே இருந்தது என்று கேட்டார், சொன்னேன். பெட்ரோல் புகையில் நிறமும் வாடையும் இல்லாத விஷவாயு ஜாஸ்தி, மூடின இடத்தில் சீக்கிரமே ஆளைச் சாய்த்துவிடும், டீசலில் அது கம்மி என்றார். "அப்ப டீசல் நல்லதுங்களா?" என்று கேட்டேன். "யாரும்மா சொன்னது? அந்தக் கரி நுரையீரல்ல படிஞ்சு வருஷக்கணக்கா கெடுக்கும், கேன்சர் கூட வரும். எந்த இஞ்சினையும் வீட்டோட வைக்காதீங்க" என்றார். உடனே எனக்குக் கண்ணாயிரத்தின் இருமல்தான் காதில் கேட்டது.

ஜெனிபர் நேற்று சாயங்காலம் கண் திறந்தாள். அவள் அப்பாவிடம் தண்ணீர் கேட்டாள். நான் பக்கத்தில் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்று காலை அண்ணன், "பிரிட்டோ பேர எடுக்காத. கண்ணாயிரம் வெளியூர் ஆளு, அவன் மேலயே போவட்டும்" என்றார். என் மகன் சோறு தொடாமல் படுத்திருக்கிறான். ஆனாலும் அந்த அறைக்குள் போன புகை பிரிட்டோவின் ஜெனரேட்டர் புகை, கண்ணாயிரத்தின் டீசல் இஞ்சின் அப்போது ஓடவே இல்லை. அவர் உடைத்தது கதவு ஒன்றுதான். அவரை விட்டுவிட வேண்டும்.

இதை எழுதின ஐயா, நான் ஜெனிபரைக் கேலி செய்தது வழக்குக்கு வேண்டாமே, எடுத்துவிடலாமா என்று கேட்டார். "எழுதுங்க சார். அது இல்லன்னா, உள்ள ஏன் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சின்னு யாருக்கும் புரியாது" என்றேன்.

நான் சொன்னபடியே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அத்தனையும் நடந்தது நடந்தபடி. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை.

(ஒப்பம்) அமலோற்பவம்

என் முன்பாக,
இளமாறன், உதவி ஆய்வாளர்