பதிவேட்டில் விடுபட்ட மறுப்பு

என் பெயர் அடைக்கலசாமி, த/பெ சவரிமுத்து, வயது 48. சொந்த ஊர் திண்டுக்கல். தற்சமயம் டெல்லி கரோல் பாக்கில் மனைவி, மகளுடன் வாடகை வீட்டில் வசித்து வருகிறேன். மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாகக் கம்பெனி செயலாளர். இயக்குநர் குழுக் கூட்டங்களில் நடப்பதைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

குழுவில் ஆறு பேர். சேர்மன் அக்ஷய் சப்ரா, அவர் மனைவி, தம்பி, மைத்துனர், பழைய நண்பர் ஒருவர். ஆறாவது, வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட ஹெலன் மேடம், ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியை.

சென்ற வருடம் மார்ச் 18 அன்று நடந்த கூட்டத்தில், சேர்மனின் தம்பி துபாயில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஆலோசனைக் கட்டணம் கொடுக்கத் தீர்மானம் வந்தது. கொடுத்தால் இங்கே லாபம் குறைந்து வரியும் குறையும். ஐந்து பேர் சம்மதித்தார்கள். ஹெலன் மேடம், அந்த நிறுவனம் நமக்கு என்ன ஆலோசனை சொன்னது, ஒரு தாளாவது காட்டுங்கள் என்று கேட்டார். சேர்மன் சிரித்துக்கொண்டே, டீ ஆறுகிறது மேடம் என்று இந்தியில் சொன்னார். மேடம் என் பக்கம் திரும்பி, "சாமி, நான் ஒத்துக்கலைன்னு எழுதிக்குங்க" என்று தமிழில் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை சேர்மன் என்னை அழைத்து, 'ஏகமனதாக' என்று பதியச் சொன்னார். மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று நானே பயந்து அப்படியே பதிந்தேன். அதன் பிறகு மேடம் இரண்டு முறை எனக்கு மின்னஞ்சலில் ஆட்சேபம் அனுப்பினார். நான் பதில் அனுப்பவில்லை. ஜூனில் அவர் பதவிக்காலம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. அவர் இடத்துக்குச் சேர்மனின் இன்னொரு நண்பர் வந்தார். அதன் பிறகு நடந்த நான்கு கூட்டங்களில் வரி பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை. எந்தக் கூட்டமும் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை.

போன மாதம் வருமான வரித்துறையிலிருந்து இயக்குநர்களுக்கு வரி ஏய்ப்பு நோட்டீஸ் வந்தபோது ஹெலன் மேடத்துக்கும் வந்தது. முனிர்காவில் அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றினார். "முப்பது வருஷம் இது தப்புன்னு பாடம் நடத்தினேன் சாமி. இப்ப சம்மதிச்சவங்க பட்டியல்ல நான் இருக்கேன்" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் என் கைப்பட எழுதிய குறிப்புகள் உள்ள மூன்று தாள்களை இன்று வருமான வரி அதிகாரியிடம் ஒப்படைக்கிறேன். இதனால் நானும் குற்றவாளியாகச் சேர்க்கப்படலாம் என்று அதிகாரி விளக்கினார். தெரிந்தேதான் வந்தேன். திருமதி ஹெலன் மறுத்தார், அதை மறைத்தது நான்.

அதிகாரி வாசிக்க முழுவதும் கேட்டேன். சொன்னது சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்) ச. அடைக்கலசாமி